நம்ம ஏரியா கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி: எதற்கு எங்கே போவது, எதைக் கேட்டு வாங்குவது

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, எண்ணூர் தொடங்கி கண்ணகி நகர், பெரும்பாக்கம் வரைக்கும், அன்றைக்கு உழைத்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும் என்ற நிலையில் இருக்கும் குடும்பங்கள் அரசு மருத்துவம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மக்களில் சுமார் 29 சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் இந்தக் கேள்விகளில் ஒன்றாவது என்றைக்காவது வந்தே தீரும். தெரிந்ததை நேராகச் சொல்கிறேன், என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

தெருமுனையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்புறம் ஜி.எச். எதற்கு எங்கே போவது?

சின்னது பெரும்பாலும் நகர்ப்புற நலவாழ்வு மையமாக இருக்கும். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான் ஆட்கள். தமிழ்நாடு முழுக்க 708 மையங்கள் என்று திட்டமிட்டு, அதில் 500 மையங்களை 2023 ஜூன் 6 அன்று முதலமைச்சர் திறந்து வைத்தார். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, சின்னக் காயம், சுகர், பி.பி. மாத்திரை எல்லாவற்றுக்கும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். நாம் பொதுவாகக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்று சொல்வது இதைத்தான். சென்னை மாநகராட்சியில் இப்படி 140 இருக்கின்றன. கர்ப்பிணிப் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, காசநோய்ச் சளிப் பரிசோதனை எல்லாம் இங்கே. அதற்கும் மேலே நகர்ப்புற சமுதாய நல மையம், 16 இடங்களில். முன்பு மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்வார்களே, பெரும்பாலும் அதே கட்டடங்கள்தான். இவை இரவிலும் இயங்கும், பிரசவமும் பார்ப்பார்கள்.

நெஞ்சுவலி, கை கால் திடீரென்று இழுத்துக்கொள்வது, மூச்சுத் திணறல், பெரிய விபத்து என்றால் இந்தப் படியெல்லாம் பார்க்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த இடத்துக்குப் போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

காலையில் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தில் நாங்கள் வீட்டிலேயே இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் இந்த நகரம் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம். ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது, டாக்டருக்குக் காசு கிடையாது, மாத்திரைக்கும் காசு கிடையாது. ஆனால் கட்டட வேலைக்குப் போகிறவரோ நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரோ காலை ஓ.பி.யில் நின்றால் அன்றைக்குக் கூலி போச்சு. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு அதோடு முடியாது, அடுத்த மாதம் அந்த வீட்டில் வேலை இருக்குமா என்பதே சந்தேகமாகிவிடும். இலவசம் என்று நாம் சொல்லும் வைத்தியத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை அந்த ஒரு நாள்.

அதனால்தான் நலவாழ்வு மையங்களைக் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று இரண்டு வேளையாக வைத்தார்கள். நல்ல முடிவு. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் 2013-ல் தொடங்கியபோதே ஆரம்ப சுகாதார நிலையங்கள் பகல் 12 முதல் இரவு 8 வரை இயங்கலாம் என்றுதான் வழிகாட்டியிருந்தது, அதாவது கூலிக்காரர்களின் நேரம் என்னவென்று அப்போதே தெரிந்திருக்கிறது. சென்னையில் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலையில் பாலிகிளினிக் நடக்கிறது, கிழமைக்கு ஒரு சிறப்பு மருத்துவர் வருவார். உங்கள் நிலையத்தில் எந்தக் கிழமை எந்த டாக்டர் என்று ஒருமுறை நேரில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டில் மாலை 8 மணி என்று எழுதியிருந்து 7 மணிக்கே கதவு பூட்டியிருந்தால் சும்மா திரும்பி வராதீர்கள். தேதி, நேரத்தோடு பூட்டிய கதவைப் போட்டோ எடுத்து, மாநகராட்சியின் புகார் போன் நம்பரான 1913-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் இலவசம்தானே, அப்புறம் ஏன் ஜனங்கள் பக்கத்துக் கிளினிக்கில் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்? அரசு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை இல்லையா?

நம்பிக்கை இல்லை என்று சொல்வது ரொம்ப மேலோட்டமான பதில். அதே ஜனங்கள்தான் பிரசவத்துக்கு, விபத்துக்கு, கேன்சருக்கு, டயாலிசிஸுக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பெரிய வியாதிக்கு இருக்கிற நம்பிக்கை சின்னக் காய்ச்சலுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? தனியார் கிளினிக் ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்கிறது, அரை மணியில் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள், டாக்டருக்கு அவர்கள் முகம் தெரியும். இந்த மூன்றும் இருந்தால் அரசு மையத்திலும் கூட்டம் வரும்.

முகம் தெரிவது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், வேறு நர்ஸ், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும் என்றால் யாருக்கும் சலிப்பு வரும். ஒரே டாக்டர் இரண்டு வருஷம் ஓரிடத்தில் தொடர்ந்து இருந்தால், அந்தத் தெருவில் யாருக்கு சுகர், யார் வீட்டில் குடி, எந்தக் குழந்தைக்கு வீசிங் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் டாக்டரை எடுத்து, அவர் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் போய்விட, அப்புறம் சில மாதம் யாருமே இல்லாமல் இருந்தால் அந்த அறிமுகம் எப்படி வரும்?

பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ரெண்டு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போடுவதும் இதே காரணத்தால்தான். அது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதிலும் ஆன்டிபயாடிக்கை ரெண்டு வேளை மட்டும் போட்டு நிறுத்தினால் அடுத்த தடவை அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

அம்மாவுக்கு சுகரும் பி.பி.யும் இருக்கிறது. மாதாமாதம் வரிசையில் நிற்க முடியவில்லை. வீட்டுக்கே மாத்திரை வருமாமே?

வரும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. உங்கள் பகுதிக்கான பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்ப்பார், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

இப்படி ஒரு திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வே போதும். ரத்த அழுத்தம் இருந்தவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. சர்க்கரை நோய் இருந்தவர்களில் 10.8 சதவீதம். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில் இந்த நிலை! மாத்திரை இருந்தது, அதை மாதாமாதம் போய் வாங்கத்தான் ஆளுக்கு நேரம் இல்லை.

நகரத்தில் ஒரு சிக்கல் உண்டு. தன்னார்வலர் பகல் பதினோரு மணிக்கு வந்தால் வீடு பூட்டியிருக்கும், வாடகை வீட்டை மாற்றினால் பெயர் பழைய தெருவிலேயே நின்றுவிடும். வீடு மாறியதும் புதிய இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய சீட்டைக் காட்டிப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். இன்னொன்று, மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காக டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது. கண், கால், சிறுநீரகம் மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலில் ஆறாத புண் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

"மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-ல் ஆரம்பித்தது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதில் ஒதுக்கிய தொகைக்கு ஏற்ப மருந்து எடுத்துக்கொள்ள வைக்கிற முறை. மற்ற மாநிலங்கள் பார்த்துப் படித்துக்கொண்டு போன முறை இது. இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கும்போது, ஒரு நிலையத்தில் மருந்து இல்லை என்றால் பெரும்பாலும் யாரோ நேரத்துக்குக் கேட்டு எழுதவில்லை, அல்லது எதிர்பார்த்ததை விட ஆட்கள் அதிகம் வந்துவிட்டார்கள். இரண்டுமே சரிசெய்யக் கூடியவை.

எனவே முதலில் பார்மசிஸ்டிடம், "எப்போது வரும், பக்கத்து நிலையத்தில் இருக்குமா?" என்று கேளுங்கள். அதற்குப் பதிலாக வேறு மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதே மாத்திரை அடுத்த தடவையும் இல்லையென்றால் மருந்தின் பெயரை எழுதிப் புகார் கொடுக்க வேண்டும். பெயர் எழுதாமல் "மருந்தே இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு ஏன் அன்றைக்கே கிடைப்பதில்லை?

எல்லாப் பரிசோதனையும் அந்தந்த நிலையத்தில் செய்வதில்லை. சிலவற்றுக்கு ரத்தம் எடுத்து பெரிய லேபுக்கு அனுப்பி, முடிவு அடுத்த நாளோ அதற்கு அப்புறமோ வரும். முடிவை வாங்க இன்னொரு நாள் கூலியை விட வேண்டாம், மாலை நேரத்தில் வாங்கிக்கொள்ளலாமா என்று ரத்தம் கொடுக்கும்போதே கேளுங்கள். கொடுக்கும் போன் நம்பர் வீட்டில் யார் கையில் இருக்கும் என்பதையும் யோசித்துக் கொடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். எப்போது பதிவு செய்ய வேண்டும்? அம்மா வீடு வேறு ஊரில் இருக்கிறதே?

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் பதிவு செய்யுங்கள், 12 வாரத்துக்குள் செய்வது நல்லது. கிராம, நகர சுகாதாரச் செவிலியர் பதிவு செய்து, பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணைக் கொடுப்பார். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள், தனியாரில் பிரசவம் பார்த்தாலும் கேட்பார்கள், ஆகவே பத்திரம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கமாகத் தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. பணம் வரவில்லை என்று கேட்பவர்களில் பலருக்குக் கோளாறு எங்கே இருக்கும் என்றால், ஆதாரில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் கணவர் இனிஷியல், அல்லது ஆதாரோடு இணைத்த கணக்கு ஒன்று கொடுத்த கணக்கு வேறொன்று. மூன்றாம் மாதத்திலேயே இதைச் சரிசெய்துவிடுங்கள், பிரசவத்துக்கு அப்புறம் கைக்குழந்தையோடு வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைவது கொடுமை.

அம்மா வீட்டுக்குப் போவதென்றால் போகும் முன் உங்கள் செவிலியரிடம் சொல்லிவிட்டு, அதே எண்ணை அங்கே காட்டுங்கள். புதிதாக இன்னொரு எண் போட வேண்டாம், அதனால் தவணை நின்று போகலாம். பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டி உண்டு, அதற்கும் காசு கிடையாது.

காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைக்குச் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்தில் பல மாதம் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு வேண்டும் என்பார்கள். ஏழைகளுக்கு அவ்வளவு படுக்கை எங்கே? நெரிசலான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் ஒரு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்குத் தொற்று அதனால் கூடவும் இல்லை. 1959-ல் அந்த முடிவு வெளிவந்த பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலிருந்தே மருந்து எடுப்பது வழக்கத்துக்கு வந்தது. இந்த நகரத்து ஏழை நோயாளிகளால் கிடைத்த அறிவு அது, நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது.

சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. பரிசோதனையும் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக்கு வரும், 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது. ரொம்ப மெலிந்து, எழுந்து நடக்கவே முடியாமல் இருப்பவர்களைக் கண்டுபிடித்த உடனேயே தரம் பிரித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிற முறை தமிழ்நாட்டில் 2022 முதல் இருக்கிறது, காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று பெயர். உங்கள் வீட்டு ஆள் அப்படிச் சோர்ந்து கிடந்தால் "அட்மிஷன் வேண்டுமா பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஓ.பி. சீட்டு போட பெயரும் வயதும் போதும், போன் நம்பர் கேட்பார்கள். ஆதார் இல்லை என்று சொல்லி யாரையும் வைத்தியம் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. மொழி தெரியாத தொழிலாளர்களோடு அந்தப் பகுதிக்காரர் ஒருவர் கூடப் போனால் பெரிய உதவி. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதைச் சைகையில் சொல்ல முடியாது.

நாய் கடித்துவிட்டது. ஊசிக்கு ஜி.எச். போக வேண்டுமா?

முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நாய்க்கடி ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு, அன்றைக்கே போய்விடுங்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் இன்னொரு மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும், அது அங்கே இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மீதி ஊசிகளைத் தேதி தவறாமல் போடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எல்லாத்துக்கும் போதுமா?

போதாது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கானது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தினசரி மாத்திரைக்கோ ஓ.பி.க்கோ அது வராது. ஆனால் அட்டையை ஆபரேஷன் தேதி வந்த பிறகு தேடாதீர்கள், இப்போதே வருமானச் சான்று வாங்கி எடுத்து வையுங்கள். சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம். இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 என்ற திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம், 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

அரசுப் பணம் காப்பீட்டுக்குப் போகும் அளவுக்குத் தெருமுனை மையத்துக்கும் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பி.பி. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் எத்தனையோ பேருக்குப் பக்கவாதத்துக்கும் டயாலிசிஸுக்கும் அட்டையை நீட்டும் நிலையே வராது.

கூவம் கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், ஃபைல் எல்லாம் பழைய இடத்தில். இப்போது என்ன செய்வது?

இந்த நகரம் தன் ஏழைகளுக்குச் செய்த பெரிய அநியாயங்களில் ஒன்று இது என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்தது, அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். கரையோரத்தில் இருந்தவரை ராயப்பேட்டையோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியோ, ஜி.எச்.சோ பக்கம், நடந்தே போயிருப்பார்கள். இப்போது அதே இடத்துக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டுச் சாவி கொடுத்த அன்றைக்கே, இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு டி.பி. மருந்து பாதியில் இருக்கிறது, ஒருத்தி ஏழாம் மாதம், தாத்தாவுக்கு வலிப்பு மாத்திரை நிற்கக் கூடாது என்ற பட்டியலும் கூடவே போயிருக்க வேண்டும். வேலை போய், பள்ளி மாறி, மருந்தும் நின்றால் ஒரு குடும்பம் எத்தனையைத்தான் தாங்கும்!

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. பழைய ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மாத்திரைச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு புதிய இடத்து நிலையத்தில் பதிவு செய்யுங்கள், தொடர் மாத்திரையை அங்கேயே கேளுங்கள். டி.பி. மருந்து எடுப்பவர்களுக்குப் பதிவை இடமாற்றம் செய்ய வழி இருக்கிறது, பழைய இடத்திலேயே சொன்னால் செய்து கொடுப்பார்கள். பெரிய டாக்டரைப் பார்க்கப் பழைய இடத்துக்குத்தான் போயாக வேண்டும் என்றால், பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. நோயாளி ஆணாக இருந்தால் அவருக்கு மட்டும் காசு ஆகும்.

எல்லைக் குழப்பம் ஒன்று உண்டு. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011-ல் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன, மண்டலம் 15. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. அடுக்குமாடிகளில் ஒரு சிறு நகரத்தின் அளவுக்கு ஜனம், ஆனால் நிர்வாகத்தில் ஊராட்சி. ஆகவே பெரும்பாக்கத்துப் புகாருக்கு 1913 உதவாது, முதலமைச்சர் உதவி மையத்தின் 1100-ஐ அழைத்தால் மாநில அளவில் பதிவாகும்.

எங்கள் குடியிருப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை என்கிறார்கள். அதனால் நர்சம்மா வருவதில்லையா?

வர வேண்டும். 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி அந்த ஆண்டு சென்னையில் 1,202 இடங்களை அறிவித்தார்கள், 1985-ல் இன்னும் 17. அதற்கப்புறம் உருவான, வளர்ந்த எத்தனையோ இடங்கள் அறிவிக்கப்படாமலே கிடக்கின்றன. நில உரிமைக்கு அந்தப் பட்டியல் முக்கியமாக இருக்கலாம், குழந்தைக்குத் தடுப்பூசி போட அது தேவையே இல்லை. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் விதியே 50,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று தலைக்கணக்கில்தான் போகிறது, அறிவிக்கப்படாத பகுதிகளையும் சேர்த்து வரைபடம் போடச் சொல்கிறது. பாலத்தடியிலோ ரயில்வே ஓரத்திலோ கால்வாய்க் கரையிலோ இருந்தால், உங்கள் தெருவில் எத்தனை வீடு, ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள், கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி நிலையத்து மருத்துவ அலுவலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் உங்கள் தெருவை அவர்கள் வரைபடத்தில் சேர்க்க வைக்கும்.

ஆஸ்பத்திரியில் எரிந்து விழுகிறார்கள். வார்டில் குழந்தையைக் காட்டவே காசு கேட்கிறார்கள். யாரிடம் சொல்வது?

காசு கொடுக்காதீர்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உள்ளே படுத்திருக்கும் பெண்ணின் தாய்க்கு அது சுலபம் இல்லை என்பதும் தெரியும். பயந்துதான் கொடுக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர் இருப்பார், அவர் அறையில் வார்டு, நேரம் சொல்லி நேரில் புகார் கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள். 104, 1100 இரண்டிலும் பதியலாம்.

ஊழியர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நர்ஸ் தடுப்பூசியும் போட்டு, கம்ப்யூட்டரில் பதிவும் செய்து, டெங்கு சீசனில் வீடு வீடாகவும் போக வேண்டியிருந்தால் பேச்சில் கடுமை வந்துவிடும். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "மரியாதையாகப் பேசுங்கள்" என்று போர்டு மாட்டுவதைவிட இன்னொரு நர்ஸ் போடச் சொல்லிக் கேட்பதில் பலன் அதிகம்.

முகாம் நடத்துகிறார்களே, புதுப்புது கிளினிக் திறக்கிறார்களே, அது போதாதா?

முகாம் நோயைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த நோயை மாதாமாதம் பார்த்துக்கொள்ள ஒரு நிலையான இடம் வேண்டும். முகாமில் சுகர் 300 என்று சொன்னால், அடுத்த வாரம் எங்கே போக வேண்டும் என்று எழுதிய சீட்டு கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கிளினிக் விஷயத்தில் நாம் ஏற்கெனவே ஒரு பாடம் பார்த்துவிட்டோம். 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக் என்று 2,000 இடங்களில் அறிவித்தார்கள், தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள், ஆட்சி மாறி 2022 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். டெல்லியில் 2015-ல் தொடங்கிய மொஹல்லா கிளினிக், ஐதராபாத்தில் 2018-ல் தொடங்கிய பஸ்தி தவாகானா என்று பல நகரங்களிலும் இதே யோசனைதான், தெருவுக்குள் டாக்டர். யோசனை சரியானது. பெயரும் போர்டு நிறமும் ஆட்சியோடு மாறட்டும், டாக்டரும் நர்ஸும் மருந்தும் மாறாமல் இருக்க வேண்டும். இப்போதைய நலவாழ்வு மையங்களுக்கும் பணம் 15-வது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மருத்துவ மானியத்திலிருந்து வந்தது, நாடு முழுவதுக்கும் 70,051 கோடி, 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து ஆண்டுக்கு. அந்தக் காலம் முடிந்த பிறகு சம்பளத்தை யார் கொடுப்பது என்பதை மாநில பட்ஜெட்டில் நிரந்தரமாக எழுதியாக வேண்டும்.

நாங்கள் சாதாரண ஜனங்கள். நாங்கள் என்ன கேட்க முடியும், எங்கே கேட்பது?

ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது, கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு. சட்டத்தில் எப்போதோ இருந்தது, 2022-ல் விதிகள் வகுத்து அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் நடத்தினார்கள். கவுன்சிலர் தலைமையில் நடக்கும், உங்கள் பகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் பேசலாம். அங்கே போய்ச் சாக்கடை, தெரு விளக்கு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். எங்கள் மையத்தில் டாக்டர் இடம் எத்தனை மாதமாகக் காலி, மாலை ஓ.பி. தினமும் நடக்கிறதா, சென்ற மாதம் எந்தெந்த மாத்திரை இல்லாமல் போனது என்று கேளுங்கள், பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், 10 ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. மனுவில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்த மையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, சென்ற மூன்று மாத வருகைப் பதிவேட்டின் நகல் தருக" என்று ஆவணமாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.